கையில் ஒரு திசைகாட்டி: திருகோணமலைக் கடலுக்கு டைவ் கொம்பியூட்டர் வாங்குகிறவர்களுக்கு

நிலாவெளியில் படகு ஏறிக் கொஞ்ச நேரம் போனாலே கரை ஒரு பச்சைக் கோடாகிவிடும். அங்கே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு 14 மீற்றர் இறங்கினால் அந்தக் கோடும் இல்லை. மேலே வெளிச்சம், கீழே மணல், சுற்றிவர ஒரே நீலம். கரை எந்தப் பக்கம் என்று கேட்டால் புதிதாகச் சுழியோடுகிற பத்துப் பேரும் பத்துப் பக்கம் கை காட்டுவார்கள்.

நான் சுழியோடத் தொடங்கிய இரண்டாவது பருவத்தில், ஓர் ஆடி மாதக் காலையில், முருகைக்கல் திட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் திடீரென்று கலங்கியது. நங்கூரக் கயிறு இருக்கும் பக்கம் எனக்குத் தெரியும் என்று உறுதியாக நம்பி நீந்தினேன். மேலே வந்து பார்த்தால் படகு எனக்கும் கரைக்கும் நடுவே, மிகத் தள்ளி, சின்னதாகத் தெரிந்தது. கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று அது. நான் நீந்த நீந்த, அது என்னைப் பின்னால் கொண்டுபோனது. படகுக்கார அண்ணன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் என்னைக் கண்டார். அன்றைக்கு என் மணிக்கட்டில் கட்டியிருந்த டைவ் கொம்பியூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் ஒழுங்காகக் காட்டியது. திசை காட்ட அதில் ஒன்றும் இல்லை.

டைவ் கொம்பியூட்டர் புதிதாக வாங்கப் போகிற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கருவி எதற்கு

பத்து மீற்றர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பின் மேல் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கத்தில் நாம் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். டைவ் கொம்பியூட்டர் ஒவ்வொரு சில செக்கனுக்கும் அமுக்கத்தை அளந்து, எவ்வளவு நைதரசன் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று சொல்கிறது. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீற்றரைத் தாண்டினால் சத்தம் போடும். 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்கச் சொல்லி எண்ணிக் காட்டும்.

எங்கள் கரையில் இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கடலட்டைக்கும் சங்குக்கும் போய், ஒரே நாளில் பல சிலிண்டர் அடித்து, விறுவிறென்று மேலே வந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன ஆட்கள் இந்தக் கரையோர ஊர்களில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் இன்றைக்கும் பொல்லு ஊன்றித்தான் கடற்கரைக்கு வருகிறார். அவருடைய கையில் அன்றைக்கு இருந்தது சாதாரண மணிக்கூடு. "மணி தெரிஞ்சுது, மற்றது ஒண்டும் தெரியேல்லை" என்பார். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு மட்டுமட்டாக இருந்தால், திசைகாட்டி இல்லாத எளிய கொம்பியூட்டரை வாங்கி, சாதாரண ஊசித் திசைகாட்டி ஒன்றை மற்றக் கையில் கட்டுங்கள். திசைகாட்டி உள்ளதற்காகக் காசு சேர்த்துக்கொண்டு, அதுவரை கொம்பியூட்டரே இல்லாமல் இறங்க வேண்டாம்.

கணக்கு முறை பற்றிக் கொஞ்சம்

கடைக்காரர் அல்கோரிதம், அதாவது நைதரசனைக் கணக்கிடும் முறை, பற்றி நிறையச் சொல்லுவார். சூரிச்சைச் சேர்ந்த மருத்துவர் பியூல்மன் உருவாக்கிய, உடம்பை 16 பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை ஒன்று. ஆர்ஜிபிஎம் என்கிற முறை இன்னொன்று. கருவி செய்யும் நிறுவனங்களில் ஷியர்வாட்டர், கார்மின் முதலாவதையும், சுன்டோவின் பல கருவிகள் இரண்டாவதன் வழிவந்ததையும் பயன்படுத்துகின்றன. 30 மீற்றருக்கு உள்ளே, அமுக்க நீக்க நிறுத்தம் (சேர்ந்த நைதரசன் வெளியேற, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாமல் சுழியோடுகிற உங்களுக்கு இரண்டும் போதும். சுழியோடல் பயிற்சி தரும் 'பாடி' அமைப்பின் அட்டவணையில், ஆகக்கூடியது 18 மீற்றருக்கு 56 நிமிடம், 30 மீற்றருக்கு 20 நிமிடம் என்று இருக்கும். கொம்பியூட்டர்கள் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். கூட வருகிறவருடைய கருவி உங்களுடையதைவிடக் குறைவான நேரம் காட்டினால், இருவரும் அந்தக் குறைந்த நேரத்தையே பின்பற்றுங்கள். ஒரு கருவியை இருவர் பங்குபோடுவது கூடவே கூடாது.

நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூட்டிய காற்று) பாவிக்கும் வசதி இப்போது அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. சிலிண்டரின் காற்றளவை வயர் இல்லாமல் கையில் காட்டும் வசதி நல்லதுதான், ஆனால் முதல் வருடத்துக்கு அது வேண்டாம். அந்தக் காசைத் திசைகாட்டியில் போடுங்கள். மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிற ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கும் ஆசையில், பல வாயுக்கலவைக்கான பெரிய கருவியை முதல் நாளே வாங்கத் துடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆழத்துக்கான பயிற்சி வருவதற்குள் நீங்கள் இரண்டாவது கருவிக்கே போயிருப்பீர்கள்.

திசைகாட்டி: இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்

டிஜிட்டல் திசைகாட்டிக்குள் ஊசி இல்லை. பூமியின் காந்தப் புலத்தை மூன்று பக்கமாக அளக்கிற ஓர் உணரி இருக்கிறது. நல்ல கருவிகளில் கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறியும் இன்னோர் உணரியும் சேர்ந்து, சாய்வைக் கழித்துவிட்டுத் திசையைச் சொல்லும். விவரக் குறிப்பில் சாய்வுத் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குள் மணிக்கட்டை மட்டமாக வைத்திருக்க யாராலும் முடியாது.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு விசேடம் உண்டு. திருகோணமலை, பூமியின் காந்தப் புலம் மட்டமாகக் கிடக்கிற காந்த மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேரளத்தின் தும்பா கிட்டத்தட்ட இதே அகலக்கோட்டில்தான் இருக்கிறது. அங்கே 1963 இல் ரொக்கட் ஏவத் தொடங்கியதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். ஐரோப்பாவில் காந்தப் புலம் மிகச் சரிவாகக் கீழ்நோக்கி இழுக்கும். அதனால் அங்கே விற்கிற ஊசித் திசைகாட்டிகளில், ஊசி மட்டமாக நிற்கத் தெற்கு முனையில் பாரம் ஏற்றியிருப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் இழுப்பு இல்லாமல், பாரம் ஏற்றிய முனை சரிந்து, சில வேளை உள்ளே உரசி நின்றுவிடும். லண்டனில் இருந்து சித்தப்பா கொண்டுவந்த ஊசித் திசைகாட்டி ஏன் இங்கே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று குழம்பியவர்களுக்கு இதுதான் விடை. டிஜிட்டலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கே புலம் மட்டமாகவும் பலமாகவும் இருப்பதால் அது நன்றாகவே வேலை செய்யும். கை சாய்வதால் வரும் பிழைகூட எங்கள் கடலில் குளிர்நாடுகளைவிடக் குறைவு. ஆனாலும் கருவி வாங்குவது ஒரே கடலுக்காக இல்லையே. சாய்வுத் திருத்தம் உள்ளதையே வாங்குங்கள்.

ஆனால் டிஜிட்டலுக்கும் ஒரு கட்டாய வேலை இருக்கிறது: அளவுதிருத்தம், அதாவது கலிபிரேஷன். கருவியைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றச் சொல்லும், அல்லது எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்லும். புதிதாக வாங்கியதும் ஒருமுறை, பற்றரி மாற்றியதும் ஒருமுறை, தூரதேசத்தில் இருந்து வந்திறங்கியதும் ஒருமுறை செய்ய வேண்டும். ரொறன்ரோவில் சரியாக இருந்தது இங்கே சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். காந்தப் புலமே வேறு.

எங்கே நின்று செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் முதல்முறை செய்தது படகில், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. இரும்புக்குப் பக்கத்தில் அளவுதிருத்தினால், அந்த இரும்பின் பிழையையும் சேர்த்துத்தான் கருவி மனப்பாடம் செய்யும். மணல் கரையில், கைத்தொலைபேசியைப் பையோடு தள்ளி வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் இருந்தும் பத்தடி விலகி நின்று செய்யுங்கள்.

ஒரு சின்னச் சோதனையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கருவியை மரமேசையில் வைத்து, திசைகாட்டித் திரையைத் திறவுங்கள். வடக்கை 0 ஆக வைத்து வலஞ்சுழியாக 360 பாகை வரை எண்ணும் கணக்கில் ஓர் இலக்கத்தில் நிற்கும், 274 என்று வைத்துக்கொள்வோம். இப்போது டைவ் ரோச்சை மெல்ல மெல்ல அதன் பக்கம் கொண்டுபோங்கள். பல ரோச்சுகளின் சுவிட்சில் காந்தம் இருக்கும். ஒரு முழம் தள்ளி இருக்கும்போது இலக்கம் அசையாது. ஒரு சாண் வந்ததும் 274 மெல்ல 280 ஆகும். நாலு விரற்கடைக்குள் வந்தால் அதுபாட்டுக்கு ஓடி 310, 320 என்று போய் நிற்கும். ரோச்சை எடுத்தால் திரும்பி வரும். என்னுடைய ரோச் அப்படித்தான் செய்தது. உங்களுடையது எவ்வளவு செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ரோச்சை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஊசித் திசைகாட்டியை உதவிக்கு வைத்திருக்கிறவர்கள் அதைக் கொம்பியூட்டர் உள்ள அதே கையில் கட்டக் கூடாது. அந்த ஊசியே ஒரு காந்தம். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். காலில் கட்டுகிற கத்தியையும் சோதித்துப் பாருங்கள். சிலிண்டர் இங்கே பெரும்பாலும் அலுமினியம் என்பதால் அதனால் தொல்லை இல்லை.

உடைந்த கப்பல்களின் பக்கத்தில் எந்தத் திசைகாட்டியும் பொய் சொல்லும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் இந்தத் துறைமுகத்தில் அடிபட்ட சகாயிங் கப்பலை 2018 இல் கடற்படை மிதக்கவைத்து வேறிடத்தில் மூழ்கடித்தது. அதைப் போன்ற இரும்புக் கப்பல் எதுவானாலும், அதிலிருந்து சில மீற்றர் விலகிய பிறகு காட்டும் திசையை மட்டும் நம்புங்கள்.

எத்தனை பட்டன் அழுத்தம்?

விளம்பரத்தில் எங்கும் போடாத, ஆனால் நான் முதலில் பார்க்கிற விடயம் இது. ஆழம் தெரியும் திரையில் இருந்து திசைகாட்டித் திரைக்குப் போக எத்தனை தடவை பட்டன் அழுத்த வேண்டும்? ஒன்று என்றால் நல்லது. இரண்டு என்றால் பரவாயில்லை. நாலு என்றால் நீங்கள் அதைப் பாவிக்கவே மாட்டீர்கள். எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், கலங்கிய தண்ணீரில் மனம் படபடக்கும்போது மெனுவுக்குள் இறங்க யாருக்கும் பொறுமை இருக்காது.

திசைகாட்டித் திரையில் இருக்கும்போதே ஆழம், மிச்ச நேரம், மேலேறும் வேகம் மூன்றும் தெரிய வேண்டும். திசையைப் பார்த்துக்கொண்டே நீந்தும்போதுதான் ஆட்கள் தங்களை அறியாமல் மேலேறிவிடுகிறார்கள். போகும் திசையைப் பூட்டி வைக்கும் வசதியும், திரும்பி வரும் எதிர்த் திசைக்கு ஓர் அடையாளமும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தண்ணீருக்குள் 180 கூட்டிக் கழிக்கும் வேலை மிச்சம். ஆழத்தில் கூட்டல் கழித்தல் நாம் நினைப்பதுபோல் வராது.

கடையிலோ, சுழியோடல் நிலையத்திலோ, தெரிந்தவருடைய கருவியிலோ இதைச் செய்து பாருங்கள். டைவ் முகமூடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டி, வெயிலில் நின்று மூன்று செக்கனுக்குள் ஆழமும் திசையும் வாசிக்க முடிகிறதா? நாற்பது தாண்டியவர்களுக்கு மணிக்கூடு அளவிலான அழகான திரைகள் அநேகமாகச் சரிவராது. பெரிய சதுரத் திரையை எடுங்கள். பிறகு கையை நனைத்துக்கொண்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். இங்கே தண்ணீர் 28, 29 பாகை சூடு என்பதால் தடித்த உடையும் கையுறையும் நமக்குத் தேவையில்லை. பட்டி வெறும் மணிக்கட்டில் சுழலாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சுழன்றால் திசையும் சுழலும்.

எந்தெந்த மொடல்

க்ரெஸ்ஸி லியொனார்டோ, மாரெஸ் பக் புரோ, சுன்டோ சூப் நோவோ மூன்றும் தொடங்குகிறவர்களுக்கு நல்ல, உழைக்கிற கருவிகள். மூன்றிலும் திசைகாட்டி இல்லை. பட்டன் வடிவப் பற்றரியை நாமே மாற்றலாம். ஷியர்வாட்டர் பெரெக்ரினின் திரை அருமையானது, ஆனால் அதன் முதல் மொடலிலும் திசைகாட்டி இல்லை. பெயரைப் பார்த்து ஏமாந்து வாங்கியவர்கள் உண்டு.

திசைகாட்டி உள்ளவற்றில் சுன்டோ டி5, கார்மின் டிசென்ட் ஜி1, ஷியர்வாட்டர் டெரிக், ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் 2 ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். ஜி1 இல் ஜிபிஎஸ் இருக்கிறது, ஆனால் அது தண்ணீருக்கு மேலே மட்டும்தான். இறங்கிய இடத்தையும் ஏறிய இடத்தையும் குறிக்கும், நீருக்கு அடியில் வழிகாட்டாது. என்னைக் கேட்டால், எங்கள் ஊருக்குப் பெர்டிக்ஸ் 2 என்பேன். விலை கூடத்தான். ஆனால் அது ஓடுவது சாதாரண ஏஏ பற்றரியில். உப்புவெளியிலும் குச்சவெளியிலும் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பற்றரி அது. சார்ஜ் செய்கிற கருவிகளில், சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளில் உப்புப் படிந்து பச்சை பிடித்தால் காலையில் திரை இருட்டாக இருக்கும். அதைத் தாங்கமுடியும் என்றால் டி5 உம் ஜி1 உம் நல்லவைதான்.

வாங்கும் வழி

பெரும்பாலும் வெளிநாட்டு உறவுகள் மூலமாகத்தான் வரும். உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டுமா, இங்கேயுமா என்று முன்பே கேட்கச் சொல்லுங்கள். மேலதிக பற்றரி மூடியும் அதன் ரப்பர் வளையமும் இரண்டு சோடி சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். அவை சில்லறைச் சாமான், ஆனால் இங்கே அவசரத்துக்குக் கிடைக்காது.

பழையதை வாங்கினால் பற்றரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வேண்டாம். விற்பவரின் முன்னாலேயே அளவுதிருத்தம் செய்து, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு நாலும் ஓர் ஊசித் திசைகாட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வைக்காமல், ஒன்றை எடுத்த பிறகு மற்றதை வையுங்கள். நான் ஒருமுறை பார்த்த பழைய கருவியில் வடக்கும் தெற்கும் சரி, கிழக்கு மட்டும் 25 பாகை பிசகியது. உணரி பழுது.

வாங்கிய பிறகு முதல் வாரம்

படகுக்கு முன் மணலில் தொடங்குங்கள். இடது கையில் கட்டியிருந்தால், வலக்கையை முன்னால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைப் பிடியுங்கள். இப்போது இடது முன்கை உங்களுக்குக் குறுக்கே கிடக்கும், திரையின் மேல்பக்கம் நீங்கள் போகும் திசையைப் பார்க்கும். திசைகாட்டி சரியாக இருந்தும் ஆட்கள் வழி தவறுவது அநேகமாக இந்தப் பிடியால்தான். கை சரிந்தால், கருவி காட்டுவது கையின் திசை, உங்களுடையது அல்ல. தலையில் துவாயைப் போட்டு நிலத்தை மறைத்துக்கொண்டு, திரையை மட்டும் பார்த்து ஐம்பது அடி நடந்து, எதிர்த் திசையில் திரும்பி வாருங்கள். செருப்பை வைத்த இடத்துக்கு வந்துசேரும்வரை செய்யுங்கள்.

பிறகு தண்ணீரில். படகில் இருந்து திசை எடுக்காமல், குதித்த பின் நங்கூரக் கயிற்றின் பக்கத்தில் மிதந்துகொண்டு எடுங்கள். நிலாவெளிக் கரை கிழக்கைப் பார்த்தது. அதனால் கரை உங்களுக்கு மேற்கே, ஏறத்தாழ 250 முதல் 270 வரை. அந்த இலக்கத்தை நீங்களே அளந்து, சிலேட்டில் எழுதி வையுங்கள். எல்லாம் தவறினாலும் அந்தத் திசையில் கரை இருக்கும். கோணேஸ்வரத்துக்குக் கீழே, சுவாமி மலையின் அடியில் சுழியோடும்போது பாறைச்சுவரே வழிகாட்டி. போகும்போது இடப்பக்கம் இருந்தால் வரும்போது வலப்பக்கம். அங்கேயும் இலக்கத்தைப் பார்த்துப் பழகுங்கள். சுவரைவிட்டு நீரோட்டம் இழுத்த நாளில் கைகொடுப்பது அதுதான்.

நீரோட்டம் பற்றி ஒரு சொல். திசைகாட்டி, நீங்கள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும்தான் காட்டும். பக்கவாட்டில் தண்ணீர் உங்களைத் தள்ளிக்கொண்டு போனால் அதற்குத் தெரியாது. 270 ஐப் பிடித்துக்கொண்டே வடக்கே நூறு மீற்றர் விலகியிருப்பீர்கள். அதனால் கால் உதைகளை எண்ணுங்கள், மணலில் ஒரு கல்லைக் குறிவைத்து அதை நோக்கிப் போய், பிறகு அடுத்த கல்லைப் பாருங்கள்.

சுழியோடி முடித்த பின்னும் கருவியைக் கழற்றி எறிந்துவிட வேண்டாம். விமானம் ஏறக் காத்திருக்க வேண்டிய நேரத்தை அது காட்டும். ஒரு தடவை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், பல தடவை என்றால் 18. மலைநாட்டுக்கும் இது பொருந்தும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே. காலையில் புறாத் தீவுப் பக்கம் இரண்டு தடவை இறங்கிவிட்டு, அன்று மாலையே வான் பிடித்து அங்கே போகிற குடும்பங்கள் இருக்கின்றன. திரையில் அந்த எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தால், அன்றிரவு திருகோணமலையிலேயே தங்கி அடுத்த நாள் போங்கள்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் அரை மணித்தியாலம் ஊறப்போட்டு, துணியால் துடைத்து, நிழலில் வையுங்கள்.   வானின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயில் படும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் போதும், திரை கறுத்துவிடும்.